குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்

வன்னிக்குடியில் மூன்று ரோடு கூடுகிற முக்குரோட்டு வாகை மரத்தடியில் கொற்றன் வந்து நின்ற அன்று காலையில் முதல் பஸ் வழக்கம்போலத் தாமதமாக வந்தது, பால்காரர் வழக்கம்போலத் தண்ணீர் சேர்த்த பாலை அளந்துவிட்டுப் போனார், ஆவுடையப்பன் டீக்கடையில் வழக்கம்போல ரேடியோ கரகரத்தது. அதிசயம் நடக்கப்போகிற நாளுக்கு இருக்கவேண்டிய லட்சணம் ஒன்றுகூட அந்த நாளுக்கு இல்லை. ஒரு கையில் வேலும் மறு கையில் கறுப்புக் குதிரையின் கடிவாளமுமாக, இடுப்பில் கச்சையும் தோளில் தூசி படிந்த செம்பட்டுத் துண்டுமாக, அவன் கிழக்கே போகிற ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். குதிரை காதை மட்டும் அசைத்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்து மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார், அன்றிலிருந்து எல்லா வண்டிகளும் அப்படியே சுற்றிக்கொண்டுதான் போயின.

வேறு ஊராக இருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லை சினிமா ஷூட்டிங் என்று நினைத்துக் கூட்டமாகக் கூடியிருப்பார்கள். எங்கள் ஊரில் அவனைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ‘பவளத்துறை’ படித்தவர்களுக்கு அவனைத் தெரியாமல் எப்படி இருக்கும், ‘பவளத்துறை’ படிக்காதவர்கள் எங்கள் ஊரில் எப்படி இருப்பார்கள்?

அது ஒரு வாரப் பத்திரிகையில் வருஷக்கணக்கில் வந்த சரித்திரத் தொடர்கதை, ஐந்து பாகம். கடலோரச் சிற்றரசு ஒன்றின் இளவரசன் ஆழிவளவன், பகை நாட்டு இளவரசி முத்துநகையின் மேல் காதல் கொண்டு, அந்தக் காதலால் நாட்டை இழந்து, கடல் கடந்து, கப்பலோடு திரும்பி வந்து இரண்டையும் மீட்கிற கதை. எங்கள் ஊருக்கு அது ஒரு கிறுக்கு. பத்திரிகைக் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் கைகள் நீளும். வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிய்த்துச் சேர்த்து வைத்து, பாகம் முடிந்ததும் காலிகோத் துணி ஒட்டி பைண்டு பண்ணி வைத்துக்கொள்வார்கள். பின்பக்கத்துச் சோப்பு விளம்பரமும், சமையல் குறிப்பும், கடி ஜோக்கும் சேர்ந்தே பைண்டு ஆகிவிடும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவே தெருவுக்கு வந்தாலும் அந்த பைண்டிங் மட்டும் யாராவது ஒருத்தர் மடியில் பத்திரமாக இருக்கும். பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆழிவளவன் என்று பெயர், பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் முத்துநகை. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் வருகைப்பதிவு எடுக்கும்போது படுகிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தில், முத்துநகையைப் பார்க்க ஆழிவளவன் பகைவர் கோட்டைக்குள் ரகசியமாகப் போவதற்கு முன்னால், மூன்று பாதைகள் கூடுகிற ஓரிடத்தில் வாகை மரத்தடியில் இறங்கி, கூட வந்த வீரன் ஒருவனிடம் குதிரையைக் கொடுத்து, “கொற்றா, நான் வரும்வரை இங்கேயே நில். குதிரையை விட்டு அகலாதே” என்று சொல்லிவிட்டுப் போவான். போனவன் திரும்பி அந்த வழியே வரவில்லை. கோட்டையில் தீப்பிடித்தது, சுரங்கம் வந்தது, சுரங்கத்தின் முடிவில் படகு வந்தது, படகு கடலுக்குப் போனது; வாரா வாரம் எழுதுகிறவருக்கு ஆயிரம் நெருக்கடி. ஆசிரியர் கொற்றனை மறந்தே போனார். ஐந்து பாகம் முடிந்து, முடிசூட்டு விழா நடந்து, ‘முற்றும்’ போட்டாகிவிட்டது. கொற்றன் மட்டும் குதிரையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றான்.

அவன் என்ன ஆனான் என்று கேட்டு அந்தக் காலத்தில் பத்திரிகைக்கு அஞ்சலட்டை போட்டவள் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வாசகர் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாரம் அவள் பெயரும் ஊரும் அச்சாகி வந்தன. ‘கொற்றன் என்ன ஆனான்? - செண்பகவடிவு, வன்னிக்குடி.’ அதற்கு ஆசிரியர் சொன்ன பதில்: ‘பொறுத்திருந்து பாருங்கள்.’

வடிவு பொறுத்திருந்து பார்த்தாள். ஆசிரியர் காலமானார், பத்திரிகை நின்றது, கூடப் படித்தவர்களெல்லாம் பேரன் பேத்தி எடுத்தார்கள். வடிவு ரத்தப் பரிசோதனைப் படிப்புப் படித்து, முக்குரோட்டிலேயே, வாகை மரத்துக்கு நேர் எதிரே, சின்னதாக ஒரு லேப் வைத்து, மாடியில் தனியாகக் குடியிருந்தாள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு வலிக்காமல் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், “அமையல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். மற்ற பெண்களெல்லாம் ஆழிவளவனை நினைத்துத் தலையணையைக் கட்டிக்கொண்ட வயதில் அவளுக்கு மட்டும் அரைப் பக்கமே வந்து போன கொற்றன்மேல் மனசு போய்விட்டது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். சொன்ன சொல்லுக்கு நின்றவன் அந்தக் கதையிலேயே அவன் ஒருத்தன்தானே என்பாள். அதிலும் ஒரு குறை. ஓவியர் அவனைக் குதிரைக்குப் பின்னால் பாதி மறைத்து வரைந்திருந்தார். பாதி முகத்தைத்தான் அவள் இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில் லேப்பைத் திறக்க வந்தவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைக் கடந்து, குதிரையைச் சுற்றிக்கொண்டு போய், மறுபாதி முகத்தையும் பார்த்தாள்.

“நீங்க கொற்றன்தான?”

“ஆம் அம்மணி. தங்களுக்கு என்னை எப்படித் தெரியும்?”

“சின்ன வயசுலேர்ந்தே தெரியும்” என்றாள் வடிவு. அப்புறம் என்ன பேசுவதென்று தெரியாமல், “நிக்கியளே, அந்தக் கல்லுல உக்காரலாம்லா” என்றாள்.

“நிற்கச் சொல்லி உத்தரவு” என்றான் கொற்றன்.

நிற்கச் சொன்னால் நிற்பதுதான் என்று எடுத்துக்கொண்டவன் அவன். பகலில் நின்றான், மழையில் நின்றான், தூக்கம் வந்தால் வேலில் சாய்ந்தபடி நின்றே தூங்கினான். குதிரையின் பெயர் கருமுகில், அது இளவரசரின் குதிரை, அதில் ஏறும் உரிமை தனக்கில்லை என்று சொல்லி, ஒரு நாளும் அதன் முதுகில் கையைத் தவிர வேறெதையும் வைத்ததில்லை. ஊருக்கு அவன் பழகிப்போனான். ஆவுடையப்பன் காலையில் முதல் டீயைச் சாமி படத்துக்குக் காட்டிவிட்டு இரண்டாவதைக் கொற்றனுக்குக் கொடுத்தான். வைக்கோல் வண்டிக்காரர்கள் போகிறபோக்கில் ஒரு கட்டை உருவிப் போட்டுவிட்டுப் போனார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, மரத்துக்கு இரண்டு பக்கமும் வேகத்தடை போட்டார்கள். கண்டக்டர்கள் ‘குதிரைக்காரன் ஸ்டாப்பெல்லாம் எறங்கு’ என்று கத்தினார்கள். அவன் பேசுகிற தமிழுக்குப் பதில் சொல்லப் போய் மீன்காரிகூட, “மன்னிக்கவேண்டும் வீரரே, இன்று சாளை மட்டும்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போவாள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. சாயங்காலம் தாய்மார்கள் வாசலில் நின்று, “ஏல ஆழிவளவா, வீட்டுக்கு வால!” என்று கூப்பிடுவார்கள். அந்தக் குரல் காதில் விழுந்ததும் கொற்றன் சட்டென்று நிமிர்ந்து, கச்சையை இறுக்கி, கடிவாளத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு கண் கலங்க நிற்பான். மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு பயல் அவனைத் தாண்டி ஓடுவான். கொற்றன் மறுபடியும் கடிவாளத்தைத் தளர்த்துவான். இதைப் பார்க்கச் சகிக்காமல் எங்கள் ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமலேயே ஒரு முடிவுக்கு வந்து, முக்குரோட்டுப் பக்கம் பிள்ளைகளைத் தம்பி, மக்கா, கருவாயா என்று மட்டுமே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆசையாக வைத்த பெயரை வாயில் போட்டுப் பூட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் ஊர் அவனை நம்பப் பழகியது. எங்கேயும் போகாத ஆள் ஒருத்தன் முச்சந்தியில் நிற்கிறான் என்றால் அது எவ்வளவு பெரிய வசதி! சந்தைக்கு வந்தவர்கள் பையை அவன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். டவுனுக்குப் போகிறவர்கள் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையையே, “கொற்றண்ணே, இந்தா பாத்துக்கோங்க, வந்துட்டேன்” என்று கொடுத்துவிட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தார்கள். எல்லோரும் திரும்பி வந்து தங்கள் பொருளை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் வியப்போடு, “வந்துவிட்டீர்களா!” என்பான். அதைக் கேட்டு வடிவு லேப்புக்குள் எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிடுவாள்.

பகலில் வடிவு ஜன்னல் வழியே அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்கவும் தெரியவில்லை அவளுக்கு. ஊசி குத்தும்போது முணுமுணுவென்று பாடினாள். கொற்றன் கால்கள் வீங்குவதைப் பார்த்துவிட்டுச் சாயங்காலந்தோறும் வெந்நீரும் கிரேப் பேண்டேஜுமாகப் போய், நிற்கிறவன் காலைப் பிடித்துக் குனிந்து சுற்றிவிட்டு வந்தாள். கட்டின் முனையில் மாட்டுகிற சின்ன க்ளிப்பைப் பார்த்து, “இது எந்த நாட்டு அணிகலன் அம்மணி?” என்று அவன் கேட்டான். “எங்க நாட்டுதுதான்” என்றாள்.

‘பவளத்துறை வாசகர் வட்ட’த்துக்குத் தலைவர் திரவியம் அண்ணாச்சி. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து பாகமும் அவருக்கு மனப்பாடம். ஆண்டு விழாவில் வசனம் சொன்ன ஒருவர் ‘வாள்’ என்பதற்குப் பதில் ‘கத்தி’ என்று சொல்லிவிட்டதற்காக அவரை வட்டத்தை விட்டே நீக்கியவர். அவர் ஒரு நாள் லேப்புக்கு வந்து உட்கார்ந்தார்.

“வடிவு, அந்த மனுசன் நிக்கிறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. ஆழிவளவன் வந்து ‘போதும், வா’ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்லா? பி.டி. மாஸ்டர் பால்துரைக்கு நல்ல ஆகிருதி. கிரீடம், கவசமெல்லாம் நம்ம நாடக செட்டுல இருக்கு. நாமளே கூட்டிட்டு வந்து விடுவிச்சு விட்ருவோம்.”

வடிவு ஜன்னல் பக்கம் திரும்பி மரத்தடியைப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திரவியம் அண்ணாச்சி வீட்டில் வைத்துப் பால்துரைக்கு வேஷம் போட்டார்கள். வடிவுதான் கண்ணாடி பிடித்தாள். கவசம் போட்டு, மீசை ஒட்டி, கடைசியாகத் திரவியம் அண்ணாச்சியே பயபக்தியோடு குங்குமமும் பசையும் குழைத்து, இடது கன்னத்தில் காதிலிருந்து தாடை வரைக்கும் ஒரு வாள் தழும்பு வரைந்தார். அட்டைப்படங்களில் எல்லாம் அந்தத் தழும்பு உண்டு, காலண்டரில் உண்டு, வட்டத்தின் லெட்டர்பேடில்கூட உண்டு. தழும்பில்லாத ஆழிவளவனை எங்கள் ஊரில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தழும்பு மூன்றாம் பாகத்தில் நடந்த கடற்போரில் பட்டது. கொற்றன் இரண்டாம் பாகத்தில் நிற்கிறவன். கண்ணாடியைப் பிடித்திருந்த வடிவுக்கு அது அந்தக் கணமே தெரிந்தது. வாயைத் திறந்தாள். ஜன்னல் வழியே தெரியும் அந்த முதுகும், சாயங்கால வெந்நீரும், ‘வந்துவிட்டீர்களா’வும் ஒரு நிமிஷம் மனசுக்குள் வந்து போயின. வாயை மூடிக்கொண்டாள்.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிற வெள்ளைக் குதிரையில் பால்துரை கம்பீரமாக வந்து இறங்கினார். ஊரே கூடியிருந்தது. கொற்றன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. கடிவாளத்தை நீட்டப் போனவன், பால்துரையின் கன்னத்தைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“தாங்கள் என் தலைவர் அல்லர். என் தலைவரின் முகத்தில் தழும்பு கிடையாது.”

திரவியம் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு வேகத்தடைமேலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகும் கொற்றன் நிம்மதியில்லாமல் இருந்தான். சாயங்காலம் வடிவு வெந்நீரோடு வந்தபோது கேட்டான்.

“அம்மணி, வேஷமிட்டு வந்தவர் ஏன் தழும்பு வரைந்துகொண்டார்? என் தலைவருக்குக் காயம் பட்டுவிட்டதா? தங்களிடம் அவர் கதை எழுதிய ஏடுகள் இருக்கின்றனவாமே. டீக்கடைக்காரர் சொன்னார். எனக்குப் படித்துக் காட்டுவீர்களா?”

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. தழும்பைப் பற்றி வாயைத் திறந்திருந்தால் அன்றோடு போயிருப்பான், இந்தக் கேள்வியும் வந்திருக்காது. இப்போது கதையைப் படிக்க வேண்டும். படித்தால் ஒரு நாள் அது முடியும். முடிந்தால், தன் பெயர் அதில் எங்கேயுமே வரவில்லை என்று அவனுக்குத் தெரிந்துபோகும்.

அப்படித்தான் முக்குரோட்டில் வாசிப்பு ஆரம்பமானது. லேப்பை அடைத்ததும் வடிவு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் பைண்டிங்குமாக மரத்தடிக்கு வருவாள். அவள் உட்கார்ந்து படிப்பாள், அவன் நின்று கேட்பான், குதிரை அவள் தோளுக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். மனப்பாடமாகத் தெரிந்த கதையைக் கேட்க ஊரே வந்து கூடியது. தழும்பு பட்ட இடத்தில் கொற்றன் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். தலைவர் சிறைப்பட்ட வாரத்தில் அவன் டீ குடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வாசிப்பு முடிந்ததும் ஒரே கேள்வி கேட்பான்:

“என்னைப் பற்றி ஏதேனும்?”

“இன்னும் வரல” என்பாள் வடிவு. “பொறுத்திருந்து பாப்போம்.”

சொல்லும்போதே நாக்கு கசக்கும். சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் தரையைப் பார்ப்பார்கள். வாய்க்கு வாய் பேசுகிற எங்கள் ஊரில், குழந்தைகள் உட்பட ஒருவர்கூட அவனிடம் அதைச் சொல்லவில்லை. ஊர் கட்டுப்பாடாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வடிவு மெதுவாகப் படித்தாள். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்பது அரை அத்தியாயமானது. அப்புறம் பின்பக்கத்துச் சோப்பு விளம்பரத்தையும் படித்தாள், வாழைப்பூ வடை செய்முறையையும் படித்தாள், மாப்பிள்ளை-மாமனார் ஜோக்குகளையும் படித்தாள். கொற்றன் எல்லாவற்றையும் ஒரே சிரத்தையோடு கேட்டான். “இந்த வடைக்கும் என் தலைவருக்கும் என்ன தொடர்பு அம்மணி?” என்று ஒரு நாள் கேட்டான். “தெரியல. சேத்துத்தான் பைண்டு பண்ணிருக்காவ” என்றாள். அவன் அதையும் ஒத்துக்கொண்டான்.

என்னதான் இழுத்தாலும் ஐந்தாம் பாகத்தின் காலிகோ அட்டை நெருங்கிக்கொண்டேதான் வந்தது.

“யக்கா, நாளையோட முடிஞ்சிருமே” என்றான் ஆவுடையப்பன். “அவன் கேட்டா என்ன சொல்லுவிய?”

“உண்மையச் சொல்லிருவோம்” என்றார் திரவியம் அண்ணாச்சி. “ஆசிரியர் மறந்துட்டாரு. வேணும்னு செய்யல. மனுசன்தான. ஆனா எழுதினது எழுதினதுதான், அதுல ஒரு எழுத்த நாம தொடப்படாது.”

“அப்ப நீங்க சொல்லுதியளா அண்ணாச்சி, அவருட்ட?” என்று கேட்டாள் வடிவு.

திரவியம் அண்ணாச்சி டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் லேப்பில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வடிவு கட்டு மாற்றப் போனாள். பழைய கட்டைப் பிரித்துக் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினாள். அழுத்தின இடம் குழியாகவே நின்றது, எழும்பி வரவில்லை. இப்படிப்பட்ட கால்கள் எத்தனையோ அவள் லேப்புக்கு வந்திருக்கின்றன, அவை என்ன சொல்கின்றன என்று அவளுக்குத் தெரியும். இந்த மனுஷன் இன்னும் கொஞ்ச காலம் இப்படியே நின்றால் நின்றபடியே போய்விடுவான். தான் ஜன்னல் வழியே பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு நாளும் இந்தக் காலில்தான் இறங்கியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. குனிந்திருந்ததால் அவன் பார்க்கவில்லை. புதுக்கட்டைச் சுற்றி க்ளிப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னைக்குக் கடைசி அத்தியாயம்” என்றாள்.

“அறிவேன் அம்மணி” என்றான். “ஏட்டின் கனம் குறைந்துகொண்டே வந்தது.”

அன்று சாயங்காலம் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பெரியவில்லை. பஸ்கள் வேகத்தடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. திரவியம் அண்ணாச்சி தன் வீட்டு பைண்டிங்கை எடுத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, வழக்கம்போல விரலால் வரி பார்த்துக்கொண்டே வந்தார். வடிவு முடிசூட்டு விழாவைப் படித்தாள். தோரணங்களைப் படித்தாள், யானைகளைப் படித்தாள், முத்துநகையின் கண்ணீரைப் படித்தாள். ‘ஆழிவளவர் அரியணையின் முதற்படியில் வலது காலை வைத்தார்’ என்ற இடத்துக்கு வந்தாள். அதற்கு அடுத்தது, ‘முரசுகள் முழங்கின’. அதோடு முற்றும். இடையில் ஒன்றும் இல்லை.

வடிவு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே படித்தாள்.

“வைத்த காலை அவர் பின்னுக்கு எடுத்தார். சபை திகைத்தது. ‘ஒருவனை மறந்துவிட்டேன்’ என்றார் ஆழிவளவர். அவர் குரல் தழுதழுத்தது. ‘மூன்று பாதைகள் கூடும் இடத்தில், வாகை மரத்தடியில், என் சொல்லைக் காத்துக்கொண்டு கொற்றன் நிற்கிறான். நான் இந்த அரியணையில் அமர்வதற்கு முன் அவன் இங்கே வரவேண்டும். அவனிடம் சொல்லுங்கள், நின்றது போதும். அவன் நடந்து வரக்கூடாது. என் குதிரையின் மீது ஏறி வரட்டும். அதுவரை நான் நின்றுகொண்டிருப்பேன்.’”

திரவியம் அண்ணாச்சியின் விரல் வரியில் நின்றது. தலையை நிமிர்த்தி வடிவைப் பார்த்தார். கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் தன் பைண்டிங்கை மெல்ல மூடி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

“ஏறி வரச் சொன்னாரா?” என்றான் கொற்றன். “என்னையா? அப்படியா எழுதியிருக்கிறது அம்மணி?”

“அப்படித்தான் எழுதிருக்கு” என்றாள் வடிவு. பின்னாலிருந்து ஆவுடையப்பன், “ஆமா, எங்க வீட்டு புஸ்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு” என்றான். “எங்க வீட்டுலயும்” என்றாள் மீன்காரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

“அப்படியானால் தலைவர் நின்றுகொண்டிருக்கிறார்” என்று பதறினான் கொற்றன். தன் காலடியில் யாரோ விட்டுப்போன காய்கறிப் பையை எடுத்துப் பத்திரமாகக் கல்லின்மேல் வைத்தான். வேலை ஊன்றி, கட்டுப்போட்ட காலைத் தூக்கி, ஆவுடையப்பன் கை கொடுக்க, கருமுகிலின் முதுகில் ஏறினான். காலிலிருந்து பாரம் இறங்கியதும் அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தனை மாதங்களில் அவன் வலியென்று காட்டியது அது ஒன்றுதான். “ஆழிவளவா!” என்று யாரோ ஒரு பெண் அடக்க மாட்டாமல் கத்தினாள், உடனே எல்லாப் பெண்களும் பூட்டி வைத்திருந்த பெயரைத் திறந்துவிட்டுக் கத்தினார்கள். குதிரை கிழக்கு ரோட்டில் பாய்ந்தது. வேகத்தடையைத் தாண்டி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, உப்பளத்துப் பக்கம் திரும்புகிற வளைவில் மறைந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் வடிவுக்குத் தாங்கவில்லை. நன்றி வேண்டாம், ஒரு வார்த்தை வேண்டாம். ஒரு தடவை திரும்பியிருக்கலாம். ஸ்டூலை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் லேப்புக்குள் உட்கார்ந்து அழுதாள். உத்தரவு வந்தால் அவன் அப்படித்தான் போவான் என்று அவளுக்குத் தெரியும், அதற்காகத்தான் அவனை அவளுக்குப் பிடிக்கும், ஆனாலும் அழுதாள்.

ஊர் மறுபடியும் பழைய ஊரானது. மரத்தடியில் பையை வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து காணாமல் தேடினார்கள். கண்டக்டர்கள் மட்டும் இன்னும் ‘குதிரைக்காரன் ஸ்டாப்’ என்றே கத்தினார்கள். திரவியம் அண்ணாச்சி வட்டத்திலிருந்து வடிவை நீக்குவார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவர் ‘கத்தி’ என்று சொன்னவரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார். வடிவு பாட்டை விட்டுவிட்டாள். ஐந்தாம் பாகத்தை அலமாரியில் முதுகு உள்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

வைகாசியில் ஒரு காலை, ஆவுடையப்பன் மூச்சு வாங்க ரோட்டைக் கடந்து ஓடி வந்தான். கையில் அவன் வீட்டுப் பைண்டிங்.

“யக்கா, ஒங்க புஸ்தகத்த எடுங்க. கடைசிப் பக்கம். எடுங்களேன்!”

எடுத்துப் பிரித்தாள். ‘முதற்படியில் வலது காலை வைத்தார்’ என்பதற்குக் கீழே, அதே பழைய அச்செழுத்தில், அதே மங்கிய மையில், ‘வைத்த காலை அவர் பின்னுக்கு எடுத்தார்’ என்று ஆரம்பித்து அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. இடம் போதாமல் அந்தப் பக்கத்தில் இருந்த சோப்பு விளம்பரம் பாதியாகச் சுருங்கியிருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களைப் போனில் கூப்பிட்டு விசாரித்தபோது, அது எப்போதும் அப்படித்தானே இருந்தது, இதில் என்ன புதுசு என்று கேட்டார்கள்.

“அது கெடக்கட்டும்க்கா” என்றான் ஆவுடையப்பன். “படத்தப் பாத்தியளா?”

எதிர்ப்பக்கத்தில் ஓவியர் போட்ட முடிசூட்டு விழாப் படம். அரியணை, குடை, யானை, மந்திரிகள், சேடிகள், வீரர்கள், எல்லோரும் ஆழிவளவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது மூலையில் ஒரு தூணருகே, ஒரே ஒருத்தன் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தான். வேலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கால்களில் கட்டு. கட்டின் முனையில் ஒரு சின்ன க்ளிப்பை ஓவியர் மறக்காமல் வரைந்திருந்தார். அவன் அரசரைப் பார்க்கவில்லை. முழு முகத்தையும் இந்தப் பக்கம் திருப்பி, படத்துக்கு வெளியே, புத்தகத்தைப் பிடித்திருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் படிச்சதுல அவர உக்காரச் சொல்லலையே” என்றாள் வடிவு.

வாசலில் வெறும் வயிற்றோடு நாலைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தைத் திறந்தபடியே ஜன்னலோரம் சாய்த்து வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, முதல் ஆளைக் கூப்பிட்டாள்.